அசல் ஆப்பிரிக்கரும் அசல் காபியும்

கேள்வி: யின்கா ஷோனிபாரே பிறந்தது லண்டன், வாழ்வதும் லண்டன். பொம்மைகளுக்கு டச்சுக்காரர் துணியைச் சுற்றுகிறார். பிரிட்டிஷ் அரசின் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். இவரைப் போய் அசல் ஆப்பிரிக்கக் கலைஞர் என்று கொண்டாடுகிறார்களே, நியாயமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்தா இந்தக் கேள்வி? நெடுஞ்சாலையில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் 'அசல் கும்பகோணம் டிகிரி காபி' என்று ஒரு பலகை தொங்குகிறது. பித்தளை டவரா, பித்தளை டம்ளர், கல்லாவுக்கு மேலே ஒரு சாமி படம். குடித்துவிட்டு யோசித்துப் பாருங்கள். காபிச் செடிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. நமக்கு வந்தது ஏமன் வழியாக. சிக்கரி கலக்கும் பழக்கம் ஐரோப்பியருடையது. பால் மட்டும் உள்ளூர். கறந்த மாடு ஜெர்சி கலப்பு. இதை அசல் என்று மூன்று வேளையும் விழுங்குகிற நாம் ஷோனிபாரேயிடம் வம்சாவளிச் சான்றிதழ் கேட்கிறோம்.

உங்கள் கேள்வியை 1980களிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். 1962இல் லண்டனில் பிறந்து, மூன்று வயதிலிருந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்து, படிக்கத் திரும்பிவந்தவர் ஷோனிபாரே. பதினெட்டு வயதில் தண்டுவட நோய் வந்து உடலில் ஒரு பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகும் ஓவியக் கல்லூரிக்குப் போனார். அங்கே சோவியத்தின் அப்போதைய சீர்திருத்தமான பெரெஸ்த்ரோய்க்காவைப் பற்றி ஒரு படைப்பில் ஈடுபட்டிருந்தபோது, அசல் ஆப்பிரிக்கக் கலையைச் செய்தால் என்ன என்று ஆசிரியர் கேட்டார். கறுப்பு மாணவனுக்கு ரஷ்யாவில் என்ன வேலை என்று பொருள்.

நமக்கும் அப்படி ஒரு விமர்சகர் உண்டு. பெயரைச் சொன்னால் மறுபடியும் பத்துப் பக்கக் கடிதம் வரும். அடுக்ககத்தில் நடக்கிற கதையிலும் மண்வாசனை இல்லை என்று குறைப்படுவார். எட்டாவது மாடியில் எழுத்தாளன் மண்ணுக்கு எங்கே போவான், பூந்தொட்டிக்கா?

ஷோனிபாரே போனது லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்கு. ஆப்பிரிக்கத் துணி என்று அங்கே விற்றதன் கதை தெரிந்ததும் அவருக்குப் புதையல் கிடைத்தது. இந்தோனேசியத் தீவான ஜாவாவின் பாத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணியை டச்சு ஆலைகள் 19ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தில் நகலெடுத்தன. ஜாவாவில் அது எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்கா அள்ளிக்கொண்டது. இந்தத் துணியை விற்றே மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கிய டோகோ நாட்டின் லோமே நகரத்து வியாபாரப் பெண்களுக்கு 'நானா பென்ஸ்' என்றே பெயர். அவர்களைப் பற்றி யாராவது தமிழில் நல்ல கட்டுரை எழுதித் தந்தால் உடனே போடுவேன். விமர்சகர் எழுத வேண்டாம்.

அந்தத் துணியில்தான் அவர் விக்டோரியா காலத்துக் கோட்டும் பாவாடையும் தைத்துத் தலையில்லாத பொம்மைகளுக்கு மாட்டினார். 2003இல் செய்த 'ஆப்பிரிக்காவுக்கான அடிபிடி'யைப் பாருங்கள். மேசையில் ஆப்பிரிக்க வரைபடம். சுற்றிலும் தலையில்லாத பதினான்கு கனவான்கள் கையை ஆட்டிப் பங்கு கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவைப் பங்குபோட ஐரோப்பிய நாடுகள் கூடிய 1884–85இன் பெர்லின் மாநாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? 2010இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல் மாதிரியை ஒரு பெரிய புட்டிக்குள் நிறுத்தினார்; 37 பாய்களும் இதே துணி. பட்டம் வாங்கியது உண்மைதான். வாங்கி, 'பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விருது வரிசையின் உறுப்பினர்' என்று பொருள்படும் 'எம்.பி.ஈ.' என்ற எழுத்துகளைக் கலைஞர் பெயரோடு ஒட்டியே கண்காட்சி வைத்தார். சாம்ராஜ்யத்தைக் கேலி செய்கிறவர் பெயரில் சாம்ராஜ்யத்தின் முத்திரை! அவர் படைப்புகளிலேயே மிகக் குறைந்த செலவில் செய்தது இதுதான் என்பேன்.

துணி என்றதும் நம் ஊர்ச் சரக்கும் நினைவுக்கு வருகிறது. மதராஸிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கட்டம்போட்ட கைத்தறித் துணி நெடுங்காலம் கப்பலேறியது. வியாபாரத்தில் அதற்குப் பெயர் 'ரியல் மதராஸ் ஹேண்ட்கர்சீஃப்'. பெயரிலேயே அசல்! அதில் பெரும்பகுதியை நெய்தது ஆந்திரத்துச் சீராலா. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி இனத்துப் பெண்கள் அதை வாங்கி, பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, வேறொரு கோலத்தை வரவழைப்பார்கள். நம் நெசவாளி நெய்தது பாதிதான். மீதியை அறுத்து முடித்த பிறகே அது கலபாரித் துணி. இது முறையா என்று கேட்க விரும்பினால் அந்தப் பெண்களுக்கே எழுதிக் கேளுங்கள். தபால் செலவு உங்களுடையது.