நெட்ஆப் ஆன்டாப்பில் எந்த வால்யூமுக்கு எந்த டியரிங் பாலிசி வைப்பது?

உங்கள் கேள்வி இது: நெட்ஆப் ஸ்டோரேஜில் (அதன் இயங்குதளம் ஆன்டாப்) ஆரக்கிள் டேட்டாபேஸ், அலுவலக ஃபைல் ஷேர், ஸ்னாப்மிரர் நகல் (வேறொரு வால்யூமின் காப்புப் பிரதி) மூன்றும் தனித்தனி வால்யூம்களாக எஸ்எஸ்டியில் இருக்கின்றன. இடம் நிரம்பி வருவதால், தொடப்படாத டேட்டாவை ஃபேப்ரிக்பூல் (ஆன்டாப்பின் டியரிங் வசதி) வழியாக எஸ்3 பக்கெட்டுக்கு (கிளவுட் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) தள்ளப் போகிறீர்கள். எந்த டேட்டா எப்போது போக வேண்டும் என்று சொல்லும் டியரிங் பாலிசியாக மூன்றுக்கும் 'ஆட்டோ' போட்டால் போதுமா?

போதாது. டேட்டா எவ்வளவு பழையது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதை மறுபடி யார், எப்போது, எந்த விதமாகப் படிப்பார்கள் என்று பாருங்கள்.

முதலில் அளந்துவிடுங்கள். எஸ்எஸ்டி அக்ரிகேட்டில் (வால்யூம்கள் இருக்கும் டிஸ்க் தொகுப்பு) இன்ஆக்டிவ் டேட்டா ரிப்போர்ட்டிங் ஆன்டாப் 9.6 பதிப்பிலிருந்து தானாகவே ஓடுகிறது, கிளவுட் இணைப்புகூட வேண்டாம். ஒவ்வொரு வால்யூமிலும் தொடப்படாமல் கிடப்பது எவ்வளவு என்று அது காட்டும். இதைப் பார்க்காமல் பக்கெட்டை இணைக்கக் கூடாது. காரணம், அக்ரிகேட்டில் ஒருமுறை கிளவுட் டியரை, அதாவது பக்கெட்டை, இணைத்துவிட்டால் பிரிக்க முடியாது. பாலிசியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இணைப்பு நிரந்தரம்.

டேட்டாபேஸுக்கு 'ஸ்னாப்ஷாட்-ஒன்லி' வையுங்கள். ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலையைப் பிடித்து வைக்கும் பிரதி) பிளாக்குகளில் நடப்பு டேட்டாவுடன் பகிரப்படாதவை மட்டும், இயல்பாக 2 நாள் தொடப்படாமல் ஆறிய பிறகு வெளியே போகும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாஃபைல் ஒன்றும் எஸ்எஸ்டியை விட்டு நகராது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரிஸ்டோர் செய்யும் நாளில் வேகம் குறையும், அதைத் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

ஃபைல் ஷேருக்கு 'ஆட்டோ' சரி, நடப்பு டேட்டாவிலும் தொடப்படாத பிளாக்குகளை அது வெளியே அனுப்பும். ஆனால் கூலிங் நாட்களை (எத்தனை நாள் தொடப்படாமல் இருந்தால் போகும் என்பதை) யோசித்து வைக்க வேண்டும். இயல்பு 31. கணக்குப் பிரிவின் ஷேரை நினைத்துப் பாருங்கள்: காலாண்டு முடிவில் மட்டும் திறப்பார்கள், அதற்குள் எல்லாம் 31 நாளைக் கடந்து பக்கெட்டுக்குப் போயிருக்கும். அவர்களுக்கு அவசரமான அந்த வாரத்தில்தான் ஒவ்வொரு படிப்பும் கிளவுடிலிருந்து வரும், ரிக்வெஸ்ட் கட்டணமும் ஏறும். ரேண்டமாகப் படித்தவை எஸ்எஸ்டிக்குத் திரும்பி, அடுத்த மாதம் மறுபடி வெளியேறும். இப்படிப்பட்ட வால்யூமுக்கு 100 நாள் வைப்பேன். 9.8 முதல் 183 நாள்வரை அனுமதி உண்டு, அதற்கு முன் 63தான் உச்சம். அட்வான்ஸ்ட் பிரிவிலேஜ் எனும் கட்டளை நிலைக்குப் போய் மாற்ற வேண்டும்.

ஆன்டிவைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் திரும்ப இழுத்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 'ஆட்டோ'வில் வரிசையாகப் படிக்கும் வேலைகள் பிளாக்கைச் சூடாக்குவதில்லை (எஸ்எஸ்டிக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்லை), ரேண்டம் படிப்புதான் சூடாக்கும். ஆனாலும் ஸ்கேன் படிக்கும் ஒவ்வொரு பைட்டும் கிளவுடிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும், பொதுக் கிளவுட் என்றால் வெளியேற்றக் கட்டணம் பில்லில் தெரியும். எனவே வாராந்திர முழு ஸ்கேனை மாற்றி, புதிய ஃபைல்களை மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

'ஆல்' ஸ்னாப்மிரர் நகலுக்கு உரியது. யாரும் நேரடியாகப் படிக்காத இடம் என்பதால் டேட்டா பிளாக்குகள் உடனே போனாலும் பாதிப்பில்லை, மெட்டாடேட்டா (டேட்டாவைப் பற்றிய விவரங்கள்) மட்டும் உள்ளூரில் தங்கும். பயனர்கள் வேலை செய்யும் வால்யூமில் இதை வைக்கவே கூடாது. டிஆர் (பேரிடர் மீட்பு) சோதனையில் அந்த நகலைத் திறந்து அப்ளிகேஷனை ஓட்டுவீர்கள் என்றால், அதற்கு முன் பாலிசியை மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஆட்டோ போட்டும் ஒன்றும் நகரவில்லை" என்பது அடிக்கடி வரும் புகார். இரண்டு இடத்தில் பாருங்கள். அக்ரிகேட் 50 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால்தான் டியரிங் தொடங்கும், இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். வால்யூமின் ஸ்பேஸ் கேரண்டி 'நன்' என்று இருக்க வேண்டும், முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கும் திக் புரொவிஷனிங் ஒத்துவராது.

பக்கெட் பக்கம் கவனமாக இருங்கள். 4 கேபி பிளாக்குகள் 1,024 சேர்ந்து 4 எம்பி ஆப்ஜெக்ட்டாகப் போகின்றன. அந்த ஆப்ஜெக்ட்டில் இனித் தேவைப்படாத பிளாக்குகள் பெருகினால் ஆன்டாப் மிச்சத்தைப் புதிதாக எழுதிப் பழைய ஆப்ஜெக்ட்டை அழிக்கும், அமேசான் எஸ்3க்கு இயல்பு வரம்பு 20 சதவீதம். எஸ்3யின் ஸ்டாண்டர்ட்-ஐஏ வகுப்பில் (அடிக்கடி படிக்காத டேட்டாவுக்கானது) 30 நாள் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. அதனால் அடிக்கடி மாறும் வால்யூமை அங்கே வைத்தால் மிச்சம் என்று நினைத்தது செலவாகும். பக்கெட்டில் லைஃப்சைக்கிள் விதி போட்டுப் பழைய ஆப்ஜெக்ட்டை அழிக்கவோ கிளேசியர் எனும் ஆவணக் காப்பு வகுப்புக்குத் தள்ளவோ செய்யாதீர்கள், அந்த பிளாக்குகளைப் படிக்கவே முடியாமல் போகும். பக்கெட்டை பேக்கப் என்றும் எண்ண வேண்டாம்: உள்ளூர் அக்ரிகேட் போனால், பக்கெட்டில் மிஞ்சுவதை மட்டும் வைத்து ஃபைலை மீட்க முடியாது.

பக்கெட்டோடு இணைய ஆன்டாப் பயன்படுத்தும் அணுகல் விசை, சிஏ சான்றிதழ் (இணைப்பின் நம்பகத்தன்மையைச் சரிபார்ப்பது) இரண்டின் காலாவதித் தேதியையும் மானிட்டரிங்கில் சேருங்கள். ஒன்று காலாவதியானாலும் குளிர்ந்த டேட்டா கிடைக்காது, பயனருக்கு ஃபைல் கெட்டுப்போனது போலத்தான் தெரியும்.

பின்னால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டுமானால் டியரிங் பாலிசியை 'நன்' (எதையும் அனுப்பாதே) ஆக்கினால் மட்டும் போதாது. அது புதிதாகப் போவதைத்தான் நிறுத்தும், போனவை யாராவது படிக்கும்வரை அங்கேயே கிடக்கும். 9.8 முதல் கிளவுட் ரிட்ரீவல் பாலிசியை 'புரமோட்' ஆக்கினால் தானாக இறங்கும். தொடங்கும் முன் அக்ரிகேட்டில் அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள்.