செயலி சிவப்பு காட்டினால் மாத்திரையை நிறுத்தலாமா?

ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒரு மருந்து இன்னொன்றோடு ஒத்துப்போகுமா என்று செல்போனில் பார்ப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இங்கே.

அண்ணா, அப்பாருக்கு பிரஷருக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு இன்னொருத்தர். மாத்திரைப் பெயர்களைச் செயலியில் அடித்தால் பாதிக்கு ஒன்றுமே காட்டவில்லை. பயமில்லைதானுங்களே? (பெருந்துறை)

ஒன்றும் காட்டாவிட்டால் சிக்கல் இல்லை என்று அர்த்தமில்லை தம்பி, அந்தப் பெயரே அதற்குத் தெரியாது. இலவசச் செயலிகள் பலவும் அமெரிக்காவில் செய்தவை. நம்மூர் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை அடியுங்கள். (நாலு மாத்திரை வாங்கினால் பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் முனகுவார்கள், விடாதீர்கள்.) பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர்.

மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் அசிக்ளோஃபினாக், நிமிசுலைடு இரண்டும் அமெரிக்காவில் அனுமதியே பெறாதவை. அசிக்ளோஃபினாக் வராவிட்டால் அதே குடும்பத்து டைக்ளோஃபினாக்கைப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எச்சரிக்கைதான் வரும்.

அப்பாரின் பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிய நேரமென்றால் சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சட்டென்று ஏறிவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டிரண்டாகத்தான் ஒப்பிடும். 9 மாத்திரைக்கு 36 ஜோடி பார்க்குமே தவிர, மூன்று பேர் கூட்டுச் சேர்வது அதன் கண்ணில் படாமல் போகலாம்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரல் கொடுக்கிறார்கள், கூடவே ஒமிப்ரசோல். சிவப்பு காட்டுகிறது. நாளையிலிருந்து நிறுத்திவிடட்டுமா? (பொள்ளாச்சி)

எதை நிறுத்துவீங்க அம்மணி? ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். க்ளோபிடோக்ரல் வேலை செய்ய, கல்லீரல் நொதி ஒன்று அதை மாற்றித் தரவேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. அதே வேலை செய்யும் பான்டோப்ரசோலுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அதுவரை இருப்பதைத் தொடருங்கள்.

மாமனார் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். சாப்பாட்டில் மஞ்சள் போடலாமுங்களா? (கோபி)

2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா! குழம்பில் போடும் அளவுக்குப் பயமில்லை. மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரை வேறு கதை, அதில் அது செறிந்திருக்கும், ரத்தக்கசிவு கூடலாம். நாட்டு மருந்து, பாகற்காய்ச் சாறு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும், அதைச் செயலி சரியாகவே சொல்லும்.

தைராய்டு மாத்திரையோடு கால்சியம்? (கரூர்)

4 மணி நேரம் இடைவெளி விடுங்கள், போதும்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரே இதையெல்லாம் பார்க்காதா? (திருப்பூர்)

பார்க்கும், ஆனால் அங்கே பதிவான மாத்திரைகளை மட்டும். வெளியே வாங்கியது அதற்குத் தெரியாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபிலும் போட்டால் பிரஷர் உயிருக்கே ஆபத்தாக இறங்கும். கூச்சத்தில் அதை எவரும் சொல்வதில்லை. டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள், மற்ற அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.