மலையேறிப் போய் ஒட்டடை அடிக்கவா?

கேள்வி: கொடைக்கானலில் இடம் வாங்கியிருக்கிறோம். வருஷத்துக்கு நாலைந்து தடவை குடும்பத்தோடு போய் ஓய்வெடுக்க ஒரு வீடு கட்டப்போகிறோம். மூன்று படுக்கையறை, மாடுலர் கிச்சன், ஹோம் தியேட்டர், லெதர் சோபா, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர் என்று முடிவாகிவிட்டது. மனதுக்கு அமைதி தர என்ன வண்ணம் அடிக்கலாம், என்ன திரைச்சீலை போடலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வண்ணத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு. நாலைந்து தடவை, தடவைக்கு மூன்று நாள் என்றால் வருஷத்தில் பதினைந்து நாள். மிச்சம் 350 நாள் வீடு பூட்டிக் கிடக்கும். அந்த 350 நாளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் போட்ட துணி காயவே காயாது. மத்தியானத்திலேயே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். அடைத்துக் கிடக்கும் வீட்டில் லெதர் சோபாமீது பூசணம் பூக்கும். முதலில் தையல் ஓரங்களில் மாவு தெளித்தது போலத் தெரியும், அப்புறம் கைவைக்கும் இடமெல்லாம் பரவும். மாடுலர் கிச்சனுக்குச் சாதாரண பிளைவுட் போட்டிருந்தால் கதவு ஊதிப்போய் மூடாது. (பலகையில் ஐ.எஸ். என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோக ரகம். தண்ணீர் தாங்கும் ரகம் ஐ.எஸ். 710. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் முத்திரையைப் பாருங்கள்.)

சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறீர்கள். வத்தலக்குண்டு தாண்டி வளைவெல்லாம் ஏறி, பிள்ளைகள் இரண்டு தடவை வாந்தியெடுத்து, இருட்டில் வீட்டைத் திறந்தால் குப்பென்று ஈர நாற்றம். சோபாவைத் துடைப்பது யார்? மூன்று அறைக்கும் படுக்கை விரிப்பது யார்? மறுநாள் நீங்கள் கண்ணாடிச் சுவர் முன்னால் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது பொங்கலுக்கு அரிசி களைவது யார்? உங்கள் வீட்டம்மாவிடம் இந்த பிளானைக் காட்டிவிட்டீர்களா? மதுரையில் ஒரு வீடு, மலைமேல் இன்னொரு வீடு என்று வேலை இரட்டிப்பாகும் ஒருவர் எங்கே ஓய்வெடுப்பார்?

சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே, உலகமெங்கும் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டியவர். தனக்கும் மனைவிக்கும் கோடையில் தங்க, பிரான்சின் தென்கடற்கரையில் 1950களின் தொடக்கத்தில் ஒரு மரக் குடில் போட்டுக்கொண்டார். மொத்தமே 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. உங்கள் ஹோம் தியேட்டர் இதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் கட்டில், மேஜை, உட்காரப் பெட்டி போன்ற முக்காலி, ஒரு வாஷ்பேசின். சமையலறை கிடையாது! ஒட்டினாற்போல் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு உள்ளிருந்தே ஒரு கதவு வைத்துக்கொண்டார். கடலைப் பார்க்கக் கண்ணாடிச் சுவரும் வைக்கவில்லை. எழுபது சென்டிமீட்டர் சதுர ஜன்னல்கள் போதும் என்றுவிட்டு, மடக்குக் கதவின் உள்பக்கம் கண்ணாடி பதித்துக் கடலை உள்ளே பிரதிபலிக்க வைத்தார். 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதற்காக நீங்களும் பன்னிரண்டு அடியில் அடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று யோசித்தாரே, அதைச் செய்யுங்கள்.

கண்ணாடிச் சுவரைத்தான் முதலில் விடச் சொல்வேன். மார்கழி ராத்திரியில் அது அறையின் சூட்டையெல்லாம் வெளியே விட்டுவிடும். விடிந்தால் உள்பக்கம் நீர்முத்துக் கோர்த்து பள்ளத்தாக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, கிழக்கு வெயில் விழும் பக்கம் ஓர் அகலமான திண்ணை கட்டுங்கள். குளிரும் ஊரில் காலை வெயிலை விடப் பெரிய ஆடம்பரம் கிடையாது. சமையலுக்குத் தனி அறை வேண்டாம். கூடத்தின் ஓரத்திலேயே அடுப்பு மேடை இருந்தால் சமைப்பவரும் பேச்சில் இருப்பார், மற்றவர்களும் வெங்காயம் உரிப்பார்கள். மூன்று படுக்கையறை இரண்டாகட்டும். கட்டில் கெட்டி மரத்தில், அடியில் காற்றுப் போக. அலமாரிக் கதவுகள் சட்டம் வைத்து இடைவெளி விட்டவை. கிளம்பும்போது மெத்தையை நிமிர்த்திச் சாய்த்துவிட்டு வாருங்கள். சுவரின் மேல்பக்கம் வலை அடித்த காற்றுத் துவாரங்கள் எப்போதும் திறந்தே இருக்கட்டும். குரங்கு வராமல் வலை கெட்டியாக இருக்க வேண்டும். தின்பண்டத்தை விட்டுவிட்டு வரவே வராதீர்கள்.

கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்களே உங்கள் ஊரிலிருந்து போன அமெரிக்க மிஷனரிகள்தான், 1845-இல். மதுரையின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பிப் போனார்கள். அவர்கள் போனது கோடையைக் கழிக்க. கணப்பு எரிந்தது, வீடு ஈரம் காய்ந்தது. நீங்கள் போவதோ வாரக் கடைசிக்கு. பெரிய வீடு அவர்களுக்குச் சரி.

இன்னொன்று, மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. அனுமதியில்லாமல் கட்டிச் சீல் வைக்கப்பட்ட கட்டடங்கள் அங்கே உண்டு. திரைச்சீலைக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

வண்ணமா? மேகம் மூடினால் அறை இருண்டுபோகும் ஊர், எனவே வெளிர் நிறம். பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம், ஈரம் உள்ளே சிக்கி உப்பி உரியும். சுண்ணாம்புப் பூச்சு போதும். திரைச்சீலை தரையைத் தொடாத, வீட்டிலேயே துவைக்கக்கூடிய கெட்டிப் பருத்தி. ஹோம் தியேட்டருக்கு ஒதுக்கிய பணத்தை பாங்கில் போடுங்கள். வாரம் ஒரு தடவை வந்து ஜன்னலைத் திறந்துவைத்து, கணப்பு மூட்டிவிட்டுப் போக உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். அவர் சம்பளம் அந்த வட்டியிலிருந்து வரட்டும்.