கட்டி முடிக்காத ‘ஷீஹன்’: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் (காவல் போர்க்கப்பல்) ஷீஹன். அதன் கடற்படை எண் டி.இ. 541. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டெஸ்ட்ராயருக்கும் டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்டுக்கும் என்ன வித்தியாசம், அண்ணா?

முக்கியமாக வேகம். வேகமான போர்க்கப்பல்களான அன்றைய டெஸ்ட்ராயர்கள் 35 நாட் வரை ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). ஷீஹன் சேர்ந்த ஜான் சி. பட்லர் ரகத்துக்கு 24 நாட்தான். ஆனால் சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது பெரும்பாலும் 10 நாட் அளவில்தான் நகரும். அவற்றுக்குக் காவலாகப் போக 24 தாராளம். 306 அடி நீளம், இரண்டு 5 அங்குல பீரங்கி, சுமார் 200 பேர்.

இந்த ரகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹெட்ஜ்ஹாக் என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ஆயுதம். 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வட்டமாக வீசும். டெப்த் சார்ஜ், அதாவது குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டு, வெடித்தால் தண்ணீர் கலங்கி, ஒலியால் தேடும் கருவியான சோனாரில் நீர்மூழ்கி தொலைந்துவிடும். ஹெட்ஜ்ஹாக் குண்டு எதன் மீதாவது பட்டால்தான் வெடிக்கும். படாவிட்டால் சத்தமே இல்லை, வேட்டையைத் தொடரலாம்.

கேள்வி: எங்கே, எப்போது கட்டினார்கள்?

போஸ்டன் கடற்படைக் கப்பல் தளத்தில். 1943 நவம்பர் 8-ல் வேலை தொடங்கியது, டிசம்பர் 17-ல் நீரில் இறக்கிவிட்டார்கள். அதே நாளில் ஆஸ்வால்ட் ஏ. பவர்ஸ் என்ற அதன் சகோதரக் கப்பலும் இறங்கியது. இரண்டையும் 1946 ஜனவரி 7-ல் ரத்து செய்து, பிறகு உடைக்க விற்றார்கள்.

கேள்வி: 39 நாளில் உடல் தயாராகிவிட்டது. அப்புறம் இரண்டு வருடம் ஏன் முடிக்கவில்லை? பணம் இல்லையா சார்?

பணம் ஒரு பிரச்சினையே இல்லை. 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. ஜெர்மன் கடற்படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைப் பின்வாங்கச் சொன்னார். காவல் கப்பல்களின் அவசரம் அதோடு குறைந்தது. அடுத்த தேவை, படைகளையும் டாங்கிகளையும் கரையில் இறக்கும் எல்.எஸ்.டி. கப்பல்கள். அவற்றுக்கு முன்னுரிமை போனது. போஸ்டன் தளமே எல்.எஸ்.டி.க்கள் கட்டியது. மொத்தம் 1,005 எஸ்கார்ட்டுகளுக்கு உத்தரவு போட்டு, 563-தான் முடித்தார்கள். ஷீஹனைத் தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். போர் நன்றாகத் திரும்பியதால்தான் அது தேவைப்படாமல் போனது.

கேள்வி: பாதியில் நின்றவை எல்லாம் உடைபட்டனவா?

இல்லை. அதே தளத்தில் தொடங்கிய வாக்னர், வாண்டிவியர் இரண்டும் தப்பின. 1943 டிசம்பரில் நீரில் இறங்கிய கப்பல்கள், 1955-ல்தான் கடற்படையில் சேர்ந்தன. அதற்குள் வேலை மாறிவிட்டது. கடலில் முன்னால் நின்று எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்கும் ரேடார் காவல் கப்பல்களாக மாற்றி முடித்தார்கள்.

கேள்வி: முடிந்திருந்தால் ஷீஹன் போரில் என்ன செய்திருக்கும்?

ஊகிக்க விரும்பவில்லை, தம்பி. ஆனால் இந்த ரகத்தால் என்ன முடியும் என்பதற்கு சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற இதே ரகக் கப்பல் சாட்சி. 1944 அக்டோபர் 25-ல், பிலிப்பைன்ஸின் சாமர் தீவருகே, யமாட்டோ என்ற ராட்சதப் போர்க்கப்பல் இருந்த ஜப்பானியப் படையை எதிர்த்துப் பாய்ந்தது. டெஸ்ட்ராயரைவிடப் பெரிய போர்க்கப்பலான குரூஸர் ஒன்றை நெருங்கிப்போய் டார்பிடோ வீசி, குண்டுகள் தீரும்வரை சுட்டது. மூழ்கியபோது ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். 2022-ல் அதன் சிதைவை 6,800 மீட்டருக்கும் கீழே கண்டார்கள். அந்த மாலுமிகளை நினைக்காமல் என்னால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது.

கேள்வி: கப்பல் ரத்தானால் அதன் பெயர் என்ன ஆகும்?

இந்தக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் போரில் உயிர்விட்ட கடற்படையினர் பெயரையே வைத்தார்கள். அதனால் ரத்து என்பது கௌரவமும் பறிபோவதுதான். சில பெயர்கள் திரும்பி வந்தன. 1942-ல் பசிபிக்கில் நடந்த மிட்வே போரில் இறந்த விமானி ஸ்டீபன் க்ரோவ்ஸ் பெயரிலான டி.இ. 543-ம் முடிக்கப்படவில்லை. 1982-ல் சேவையில் சேர்ந்த ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல் ஒன்று அவர் முழுப்பெயரைத் தாங்கி, 2012 வரை ஓடியது.