ஐந்து லட்சத்துக்கு மேல் யார் பொறுப்பு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 61. பணி ஓய்வில் வந்த 18 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. ஒரு ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி ஃபிக்சட் டெபாசிட்டுக்கு எட்டு சதவீதம் தருகிறது. எங்கள் பழைய அரசு வங்கியில் ஆறரைதான். நானும் மனைவியும் மொத்தத்தையும் அங்கே மாற்றலாமா?

பதில்: மொத்தத்தையும் மாற்ற வேண்டாம் ஐயா. கொஞ்சம் போடலாம். எவ்வளவு என்பதற்குச் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள டெபாசிட் காப்பீட்டுக் கழகம், வங்கி முடங்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் பொறுப்பேற்கிறது. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. கடலூர் கிளையில் பாதி, புதுச்சேரி கிளையில் பாதி என்று பிரித்தாலும் வங்கி ஒன்றுதான், வரம்பும் ஒன்றுதான். பலர் கவனிக்காத விஷயம், அந்த 5 லட்சத்துக்குள் வட்டியும் அடக்கம். எட்டு சதவீதத்தில் போட்டு வட்டியை எடுக்காமல் விட்டால், மூன்று வருடத்தில் 4 லட்சமே 5 லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் 3.9 லட்சத்தோடு நிறுத்துங்கள். மனைவி பெயரில் தனியாகப் போட்டால் அவருக்குத் தனி வரம்பு. இருவரும் சேர்ந்த கூட்டு டெபாசிட்டுக்கு இன்னொரு வரம்பு.

அந்த வங்கி ஏன் கூடுதல் வட்டி தருகிறது? பெரிய வங்கிகளோடு போட்டி போட்டு டெபாசிட் திரட்ட அதற்கு வேறு வழியில்லை. இந்த வகை வங்கிகள் திரட்டும் பணத்தில் கணிசமான பகுதி மகளிர் குழுக் கடன் போன்ற அடமானமில்லாத சிறுகடனாகப் போகிறது. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஓர் அடி விழுந்தால் வாரத் தவணை நிற்கும், வாராக்கடன் ஏறும். இது தெரிந்துதான் ரிசர்வ் வங்கி இந்த வகை வங்கிகளை, கொடுத்த கடன்களின் அபாயத்தைக் கணக்கிட்டு அதில் 15 சதவீதத்தைச் சொந்த மூலதனமாக வைத்திருக்கச் சொல்கிறது. மற்ற வணிக வங்கிகளுக்கு 11.5 சதவீதம். நல்ல விதி. ஆனால் மூலதனம் நஷ்டத்தைத் தாங்கும் ஒரு மெத்தைதான். அதை யார் கரைக்கிறார்கள், யார் காக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைப் பாருங்கள். 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கையின் கீழ், அதாவது நிதிநிலை சரிந்த வங்கிக்குப் போடும் கட்டுப்பாடுகளின் கீழ், கொண்டுவந்தது. 2020 நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டதால் டெபாசிட்காரர்கள் தப்பினார்கள், பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எச்சரிக்கை ஒரு வருடத்துக்கும் மேலாகச் செய்தித்தாளில் இருந்தது என்பதுதான் என் வருத்தம். போடும் முன் அந்த வங்கியின் இணையதளத்தில் மூலதன விகிதமும் நிகர வாராக்கடனும் சில காலாண்டுகளாக எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். ஆடிட்டரோ சுயேச்சை இயக்குநர்களோ பாதியில் விலகியிருந்தால் வட்டி எவ்வளவு என்றாலும் ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. கிளையில் யாராவது 'டெபாசிட் மாதிரிதான்' என்று பாண்டு (கடன் பத்திரம்) நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். 2020-ல் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது டெபாசிட்டுகள் தப்பின, அதன் 8,000 கோடிக்கும் மேற்பட்ட ஒருவகைப் பாண்டுகள் ரத்தாயின. 2023-ல் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ் விழுந்தபோதும் அந்த வகைப் பாண்டுகள்தான் அடிபட்டன. அப்புறம், நிதி கம்பெனி, சீட்டு இரண்டுக்கும் டெபாசிட் காப்பீடே கிடையாது.

சரி, மீதிப் பணம்? உங்கள் வயதுக்குத் தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். பின்னால் நிற்பது மத்திய அரசு. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் சிறிது பிடிப்பார்கள், அதனால் வைத்தியச் செலவுக்கு இரண்டு லட்சத்தைப் பழைய வங்கியிலேயே விட்டுவையுங்கள். இன்றைய வட்டியைத் தபால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்த எட்டு சதவீதத்தைப் பற்றி யோசியுங்கள்.