லசோட்டா கொடுத்தும் கோழி சாகிறதே, மருந்து போலியா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் வீட்டோடு நாற்பது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் கடலூர் கடையில் வெள்ளைக்கழிச்சலுக்குப் போடும் லசோட்டா தடுப்பு மருந்து வாங்கி, குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தேன். இப்போது பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகிப் பதினோரு கோழி செத்துவிட்டது. மருந்து போலியா சார்? மிச்சத்துக்கு எந்தக் கம்பெனி மருந்து போடலாம்?

பதில்: அம்மா, முதலில் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு, செத்த கோழியை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் பறவைக் காய்ச்சலிலும் இப்படிக் கொத்தாகச் சாகும். நோவு கண்ட கோழிக்கு எந்தக் கம்பெனி தடுப்பு மருந்தும் பிரயோஜனமில்லை. மிச்சத்துக்குப் போடுவதை அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

கம்பெனியை விடுங்கள். கடையிலிருந்து உங்கள் கோழியின் தொண்டை வரை அந்த மருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டிருக்க வேண்டும். லசோட்டா என்பது வெள்ளைக்கழிச்சல் வைரஸிலேயே வீரியம் குறைந்த, உயிருள்ள வகை. அந்த நோயை உண்டாக்கும் கொடிய வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கோழி உடம்பில் எங்கே இருக்கும் நொதியும் வெட்டித் திறந்துவிடும், அதனால்தான் அது மூளை வரை போய்க் கழுத்தைத் திருகுகிறது. லசோட்டாவின் புரதத்தை மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள நொதிகள்தான் வெட்ட முடியும், ஆகவே அங்கேயே பெருகி, அங்கேயே எதிர்ப்பை உண்டாக்கிவிட்டு அடங்கிவிடும். இந்த மாதிரி உயிருள்ள மருந்தில் வீரியம் அளவாக இருக்கவேண்டும்; கோழியின் மூச்சுக்குழல் அழற்சிக்குப் போடும் எச்120 என்ற இன்னொரு தடுப்பு மருந்தை முட்டைக் கருவில் 120 முறை மாற்றி மாற்றி வளர்த்துத்தான் வீரியத்தைக் குறைத்தார்கள். ரொம்பக் குறைத்தால் எதிர்ப்பே வராது, குறைக்காவிட்டால் நோய் வரும். இவ்வளவு பக்குவமாகச் செய்த சரக்கை வெறும் கைப்பையில் போட்டு வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்து, குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் அதில் உயிர் எங்கே இருக்கும்?

நாற்பது கோழிக்குத் தண்ணீரில் கலக்கவே கூடாது என்பேன். ஒன்று நிறையக் குடிக்கும், ஒன்று கிட்டவே வராது. கண்ணில் விடுங்கள். கோழியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சொட்டுக்குழாயைக் கண்ணுக்கு மேலே நிறுத்தி ஒரே சொட்டு. அது பரவி, கோழி கண்ணை மூடித் திறந்து உள்ளே இழுக்கும்வரை விடாதீர்கள், விட்டால் தலையை உதறிச் சிந்திவிடும். கலக்கிய மருந்தை ஐஸ் மேலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். மிஞ்சியதைக் குப்பியோடு கொதிக்கவைத்துப் புதையுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்து ஒரே நாளில் போட்டால் குப்பி வீணாகாது.

கடைக்காரர்கள் விஷயம் பச்சையாகவே சொல்கிறேன். ஆயிரம் டோஸ் குப்பியை உடைத்துச் சின்ன பாட்டிலில் பிரித்துத் தருபவன் உங்களுக்குத் தண்ணீரைத்தான் விற்கிறான். ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், சோடா பாட்டில் நடுவே கதவுத் தட்டில் மருந்து இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும், வாங்கியதும் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வரவேண்டும். கூடவே கழிச்சலுக்கென்று ஆன்டிபயாடிக் தலையில் கட்டுவார்கள்; அது வைரஸை ஒன்றும் செய்யாது.

இனி குஞ்சுக்கு 7-ம் நாள் ஒரு சொட்டு, 28-ம் நாள் ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. ஊசி மருந்து வீரியம் கூடியது, சின்னக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்னாலேயே குடற்புழு நீக்கிவிடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

அப்புறம், மிச்சக் கோழியை இப்போது வியாபாரிக்குத் தள்ளிவிடாதீர்கள், அடுத்த ஊர்க் கோழியும் சாகும். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், வாய்க்காலில் வீசவேண்டாம்.