மதினியிடம் கேட்டீர்களா, அண்ணாச்சி?

கேள்வி: செங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 61. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். 31 வருடமாகக் குடியிருப்பது பழைய ஓட்டு வீடு. தெருவுக்குள் கார் வராது. சாரல் காலத்தில் அடுக்களையில் ஒழுகும். ஒரே குளியலறை. சாயங்காலமானால் தெருப் பெண்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து மனைவியோடு பூக்கட்டிக்கொண்டு பேசுவதால் நிம்மதியாக டிவி பார்க்க முடியாது. பண்பொழி சாலையில் 4 படுக்கையறையோடு மாடி வீடு 90 லட்சத்துக்கு வருகிறது. இந்த வீட்டை விற்றால் 50 லட்சம் கிடைக்கும். (மாமனார் எழுதிக் கொடுத்தது, மனைவி பெயரில் இருக்கிறது. அவள் எதற்கும் மறுத்துப் பேச மாட்டாள், கையெழுத்துக்குப் பிரச்சினை இல்லை.) ரிடையர்மென்ட் பணம் 45 லட்சம் கையில் உள்ளது. திருவனந்தபுரத்து மகளும் பெங்களூரு மகனும் குடும்பத்தோடு வந்தால் தங்க வசதி. டோக்கன் 1 லட்சம் கொடுத்துவிட்டேன். கடனில்லாமல் பெரிய வீட்டுக்குப் போவது சரிதானே? *(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)*

பதில்: அண்ணாச்சி, உங்கள் கேள்வியை அப்புறம் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டிப்போனீர்களே, அந்த வரிக்கு முதலில் வருகிறேன்.

முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். புது வீட்டு டைல்ஸ் என்ன நிறம் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். மகன் என்ன சொன்னான், மகள் என்ன சொன்னாள், புரோக்கர் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. மதினி என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. விற்கப் போவது அவர்கள் வீடு!

ஒரு தகப்பன் மகள் பெயரில் வீடு எழுதி வைப்பது மருமகன் ஒருநாள் அதை விற்றுப் பெரிதாகக் கட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக இல்லை. நாளைக்கு எது வந்தாலும் என் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது என்று நினைத்து எழுதியது அது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. அதன் 14-ஆம் பிரிவுப்படி, தானமாக வந்தாலும் சரி, வாரிசாக வந்தாலும் சரி, சொந்தக் காசில் வாங்கினாலும் சரி, பெண்ணின் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். அவர்கள் இருக்கும்வரை அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு கிடையாது. 31 வருடம் வாடகையில்லாமல் குடியிருந்து, இரண்டு பிள்ளைகளை அங்கேயே வளர்த்து ஆளாக்கிவிட்டு, கடைசியில் கையெழுத்து மட்டும் போதும் என்கிறீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் எழுதுகிற வரியா இது?

'மறுத்துப் பேச மாட்டாள்' என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் காட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருக்கும் பெண்கள் உண்டு. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். மறுத்துப் பேசாதவர்களிடம்தான் இரண்டு தடவை கேட்க வேண்டும், மூன்றாவது தடவை பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும்.

அப்புறம், அந்தத் திண்ணை. நாலு பெண்கள் பூக்கட்டுவது உங்களுக்கு டிவி சத்தத்தைக் கெடுக்கும் தொந்தரவு. மதினிக்கு அவர்கள்தான் உலகம். நடுராத்திரியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் ஆட்டோவைக் கூப்பிட ஓடப்போவது அந்த நாலு வீட்டுக்காரர்கள். பெங்களூரிலிருந்து மகன் காலையில்தான் கிளம்ப முடியும். மகளும் ஆரியங்காவு மலையைத் தாண்டித்தான் வரவேண்டும். சுற்றிலும் பாதி மனை காலியாகக் கிடக்கும் இடத்தில், காம்பவுண்டுக்குள் பெரிய வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யார் எட்டிப்பார்ப்பார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். உங்களுக்குப் பின்னால் மதினி தனியாக இருக்கப்போகும் வருடங்கள் இருக்கலாம். உங்கள் பென்ஷன் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் கடைசியில் 30 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு நாலு படுக்கையறையையும் மாடியையும் அவர்கள் ஒற்றை ஆளாகப் பெருக்க வேண்டும்.

பிள்ளைகள் வந்து தங்க என்கிறீர்கள். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் குற்றால சீசனுக்கும் வருவார்கள், கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இப்போது கணக்கு. பத்திரச் செலவை மறந்துவிட்டீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 90 லட்சத்துக்கு 8 லட்சத்து 10 ஆயிரம். மொத்தம் 98 லட்சத்தைத் தாண்டுகிறது, உங்களிடம் இருப்பது 95. கடனில்லாமல் என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது, கையிலும் ஒரு பைசா மிஞ்சாது. அதே பணத்தில் 30 லட்சத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மருந்துச் செலவுக்கு யார் கையையும் பார்க்க வேண்டாம். ஓட்டைப் பிரித்து மாற்றுங்கள், அடுக்களை ஒழுகலை நிறுத்துங்கள், பின்கட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்து நிற்கக் கம்பியும் வைத்து இன்னொரு குளியலறை கட்டுங்கள். அதுவும் மதினியிடம் கேட்டுவிட்டு. கார் தெருமுனையில் நிற்கட்டும்.

ஒருவேளை மதினிக்கே புது வீடு பிடித்திருக்கலாம். 31 வருடம் ஒழுகும் அடுக்களையில் பாத்திரம் வைத்துவைத்து எடுத்தவர்கள், அலுத்துப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியானால் போங்கள், ஆனால் இதைவிடச் சின்னதாக, மாடியில்லாமல், கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். பத்திரம் மதினி பெயரில்தான் இருக்க வேண்டும். வீடு விற்ற லாபத்துக்கு வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், அல்லது 3 ஆண்டுக்குள் கட்ட வேண்டும். அந்த விலக்கு விற்றவருக்கு உரியது. உங்கள் பெயரில் வாங்கினால் அதிலும் சிக்கல் வரும். வரியே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்: மாமனார் மகளுக்குக் கொடுத்தது மகளிடமே இருக்கட்டும்.

கேட்கும்போது மகனைப் போனில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், புரோக்கரை எதிரில் உட்கார வைக்காதீர்கள். டோக்கன் கொடுத்தாயிற்றே என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்த 1 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள், வராவிட்டால் போகட்டும், அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

பேசிவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தை மதினி படித்துப் பார்த்த பிறகு தபாலில் போடுங்கள்.